சான்றிதழ் யார் பேரில்?

(நெய்வேலி நகரியத்தில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் வேளாண் பயிற்றுநர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கலந்து பேசி முடிவெடுக்கவும்.)



போன கூட்டம் முடிந்து நான் கிளம்பும்போது ஒரு சகோதரி என்னை வாசலில் நிறுத்தினார். கையில் அச்சடித்த படிவம் நாலு பக்கம்.

"அக்கா, எங்க ஊருக்கு ஒருத்தர் வந்தாரு. முந்திரிக் கொல்லைக்கு இயற்கைச் சான்றிதழ் வாங்கித் தரேன், உங்க கொட்டை வெளிநாட்டுக்குப் போவும், கிலோவுக்குக் கூடுதலா வெல கெடைக்கும்னாரு. பட்டா நகல், ஆதார் நகல் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாரு. இருபது பேரு போட்டுட்டாங்க. நானும் போடலாமா?"

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாம்மா?"

"இங்கிலீஷ்ல இருக்குக்கா."

அன்றைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கையெழுத்தை ஒரு மாதம் தள்ளிப் போடு என்று மட்டும் சொன்னேன். இன்று அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த உரை முழுவதும் அவருக்கான பதில்தான்.

தரநெறி நமக்குப் புதிதா?

முதலில் பயத்தை விடுங்கள். சான்றிதழ், தரநெறி, நீடித்த வேளாண்மை என்றெல்லாம் கேட்டால் ஏதோ பெரிய படிப்புப் போலத் தெரியும். ஆனால் நீங்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒரு தரநெறிக்கு உட்பட்டவர்கள். குழு ஆரம்பித்து ஆறு மாதம் கழித்துத் தர மதிப்பீடு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தீர்மானப் புத்தகம் இருக்கிறதா, வருகைப் பதிவு சரியா, சேமிப்பு ஒழுங்கா, உள்கடன் திரும்பி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பாஸ் ஆன பிறகுதான் வங்கிக்காரர் கடன் பற்றிப் பேசினார். அவர் நம்மில் யாருடைய வீட்டுக்கும் வரவில்லை. நம் நோட்டைப் பார்த்து நம்மை நம்பினார்.

பயிருக்கும் இதே கதைதான். ஜெர்மனியிலோ லண்டனிலோ முந்திரி வாங்குகிறவர் நம் கொல்லைக்கு வந்து பார்க்கப் போவதில்லை. விஷ மருந்து அடித்ததா, குழந்தைகள் வேலை செய்தார்களா, கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எழுதி வைத்த விதிகள், விதிப்படி நடந்ததற்கு ஒரு பதிவு, அந்தப் பதிவைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஒரு முத்திரை கிடைக்கிறது. அவ்வளவுதான்.

முந்திரி எத்தனை கை மாறுகிறது?

கொல்லையில் நீங்கள் பொறுக்கிய கொட்டை ஊர் வியாபாரியிடம் போகிறது. அவரிடமிருந்து காடாம்புலியூர், பண்ருட்டிப் பக்கம் கம்பெனிக்குப் போகிறது. அங்கே வறுத்தோ ஆவியில் வேக வைத்தோ, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 453 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு நின்றால் அதற்குப் பெயர் டபிள்யூ 320. 180-க்குள் நின்றால் டபிள்யூ 180, அது பெரிய பருப்பு, விலையும் பெரிசு. பிறகு டின்னில் அடைத்து ஏற்றுமதியாளர், கப்பல், வெளிநாட்டுக் கடை.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனி வாசலிலேயே உங்கள் கொட்டையின் அடையாளம் போய்விடுகிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகிற கொட்டையோடு நம்முடையதும் ஒரே குவியலில் சேர்ந்துவிடும். நீங்கள் மருந்தே அடிக்காமல் வளர்த்தாலும் அது யாருக்கும் தெரியாது. சான்றிதழ் வேலை என்பது அந்த அடையாளத்தைக் கடைசி வரை காப்பாற்றுகிற வேலை.

அடையாளம் இல்லாவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் பக்கம் எள் விதைக்கிறோம். 2020 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எந்த விவசாயியும் அதை வயலில் தெளிப்பதில்லை. அறுவடைக்குப் பிறகு கிருமியைக் கொல்லப் புகையாகப் பயன்படுத்துவது அது. ஆனால் கெட்ட பெயர் இந்திய எள் முழுவதற்கும் வந்தது, சோதனைகள் கடுமையாயின. சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியில் நடந்த தப்பு, விதைத்தவர் வரைக்கும் திரும்பி வருகிறது.

இந்த விதிகள் ஏன் வந்தன?

வெளிநாட்டுக்காரர்களின் வசதிக்காக மட்டும் வந்தவை அல்ல இவை. முந்திரிக்காரர்களான நாம் காசர்கோட்டை மறக்கக் கூடாது. கேரளாவின் அந்த மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிக்க 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டத்தைச் சுற்றி வீடுகள், கிணறுகள், ஓடைகள். அந்த ஊர்களில் குழந்தைகள் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்ததை அங்கிருந்த மருத்துவர்களும் தாய்மார்களும் வெளியே சொன்னார்கள். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017 ஜனவரியில் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

அதே தேயிலைக் கொசு நம் கொல்லையிலும் இருக்கிறது. துளிர் விடும்போதும், பூ எடுக்கும்போதும், பிஞ்சு பிடிக்கும்போதும் மருந்து அடிக்கிறோம். அடிக்கிறவர் வீட்டுக்காரர். தண்ணீர் மொண்டு ஊற்றிக் கலக்கிக் கொடுப்பது யார்? அந்தச் சட்டையைத் துவைப்பது யார்? மறுநாள் அதே மரத்தடியில் களை எடுப்பது யார்? ஆகவே மருந்தைக் குறைக்கச் சொல்லும் எந்த விதியும் முதலில் நம் உடம்புக்குத்தான் நல்லது. கப்பல் ஏறுகிற பருப்பு அப்புறம்.

இன்னொரு விஷயம், கை. கொட்டை உடைக்கப் போகிற சகோதரிகள் உங்கள் கையை நீட்டுங்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்து உரிந்துவிடும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு உடைக்கிறோம். கையுறை போட்டால் வேகம் வராது, உடைத்த கிலோவுக்குத்தான் கூலி என்பதால் கழற்றி வைத்துவிடுகிறோம். இயற்கை வேளாண் முத்திரை முதன்மையாக மண்ணையும் மருந்தையும் பார்க்கிறது. கூலியையும் கையையும் பார்ப்பதற்கு நியாய வணிகம் போன்ற வேறு முத்திரைகள் இருக்கின்றன. எந்த முத்திரை என்று சொன்னால் உடனே "அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?" என்று கேளுங்கள்.

கேரளாவில் கண்ணூர், காசர்கோடு, வயநாடு பக்கத்துச் சிறு விவசாயிகள் ஃபேர் ட்ரேட் அலையன்ஸ் கேரளா என்று ஒரு அமைப்பாகச் சேர்ந்து முந்திரி, காப்பி, மிளகு எல்லாம் நியாய வணிக முத்திரையோடு விற்கிறார்கள். விலைக்கு மேலே கூடுதலாக ஒரு தொகை அமைப்புக்கு வருகிறது. அதை எதற்குச் செலவு செய்வது என்று விவசாயிகளே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. நம் சுழல்நிதி போலத்தான். அங்கே முத்திரை விவசாயிகளின் அமைப்பிடம் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வழிகள்

நம் நாட்டில் இயற்கை விளைபொருளுக்குச் சான்று பெற இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 2001-இல் மத்திய அரசு கொண்டு வந்த என்.பி.ஓ.பி. என்னும் தேசியத் திட்டம். வெளியிலிருந்து ஒரு சான்று நிறுவனம் வந்து ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் 2007 முதல் அரசுத் துறையே இந்தச் சான்றைத் தருகிறது, தலைமையிடம் கோவை. தனியார் நிறுவனங்களும் தருகின்றன. ஏற்றுமதிக்கு இந்த வழிதான். சிறு விவசாயிகள் தனித்தனியாகக் கட்டணம் கட்ட முடியாது என்பதால் 25 முதல் 500 பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம். குழுவின் உள் ஆய்வாளர் ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு கொல்லையையும் பார்த்து எழுதுவார். வெளி ஆய்வாளர் வந்து அதில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிப்பார். ஒரு கொல்லையில் பெரிய தப்பு கண்டால் முழுக் குழுவுக்கும் ஆபத்து. ஒரு உறுப்பினர் கடன் கட்டாவிட்டால் குழுவுக்கே வங்கி கதவைச் சாத்துகிற மாதிரி.

இரண்டாவது வழி, 2011 முதல் நடைமுறையில் உள்ள பி.ஜி.எஸ்., பங்கேற்பு உத்தரவாத முறை. அக்கம்பக்கத்து விவசாயிகள் 5 பேர் சேர்ந்தாலே போதும். உறுதிமொழி எழுதிக் கொடுத்து, ஒருவர் கொல்லையை மற்றவர்கள் போய்ப் பார்த்து, குழுவே கூடி முடிவு செய்து மேலே அனுப்ப வேண்டும். மாறுகிற காலத்தில் பி.ஜி.எஸ். பசுமை, முழுதாக மாறிய பின் பி.ஜி.எஸ். இயற்கை என்ற முத்திரை. வெளி ஆய்வாளருக்குப் பெரிய கட்டணம் இல்லை. உள்நாட்டில் விற்க இது போதும். இதை வைத்து ஏற்றுமதி செய்ய முடியாது.

எந்த வழியானாலும் காத்திருக்க வேண்டும். என்.பி.ஓ.பி.யில் நெல், எள், மணிலா போன்ற பயிர்களுக்கு 2 ஆண்டு. முந்திரி, பலா போன்ற மரங்களுக்கு 3 ஆண்டு. படிவம் கொண்டு வந்தவர் இதைச் சொன்னாரா என்று அந்தச் சகோதரியைக் கேட்டேன். சொல்லவில்லையாம்.

நோட்டில் ஒரு கணக்குப் போடுவோம்

இப்போது சொல்வது கணக்குப் புரிவதற்கான உதாரணம்தான், சந்தை விலை அல்ல. உங்கள் கொல்லையில் 10 மூட்டை கொட்டை, மூட்டைக்கு 80 கிலோ, ஆக 800 கிலோ. கிலோ 100 ரூபாய் என்றால் 80,000 ரூபாய்.

மருந்தை நிறுத்திய ஆண்டில் ஒரு மூட்டை குறைகிறது என்று வைப்போம். 720 கிலோ. காத்திருக்கும் காலத்தில் கூடுதல் விலை கிடைக்காது. 72,000 ரூபாய்தான். 8,000 ரூபாய் குறைவு. மருந்துச் செலவு மிச்சமாவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இப்படி 3 ஆண்டு.

நாலாவது ஆண்டு கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல் கிடைக்கிறது. 720 கிலோவுக்கு 79,200 ரூபாய். பழைய வரவைவிட 800 ரூபாய் குறைவு. மருந்துச் செலவு மிச்சத்தைச் சேர்த்தால் ஏதோ நிற்கும். சான்றுக் கட்டணம் நம் தலையில் விழுந்தால் அதுவும் நிற்காது. ஆக விளைச்சல் குறையாமல் இருக்க என்ன பயிற்சி, எவ்வளவு கூடுதல் விலை, கட்டணம் யார் கட்டுவது, இந்த மூன்றும் தெரியாமல் லாபம் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பகுதிக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தானே புயலில், 2011 டிசம்பர் 30 அன்று, நம் தாத்தா காலத்து முந்திரி மரங்கள் ஒரே நாளில் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதற்கப்புறம் வைத்த ஒட்டுக் கன்றுகள்தான் இன்றைக்குக் காய்க்கின்றன. சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதற்கான அறிவிப்பு வந்த ஊர்களில் 3 ஆண்டு காத்திருப்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஊர்ச் சகோதரிகள் நிலத்தின் நிலவரத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இறங்குங்கள்.

முத்திரை யார் கையில் இருக்கிறது?

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் ஒரு உறுப்பினரின் மகளை வைத்து வரி வரியாகப் படித்தோம். அதில் ஒரு வரி: சான்றிதழ் கொள்முதல் செய்பவரின் பெயரில் இருக்கும். அப்படியென்றால் என்ன? மூன்று ஆண்டு நாம் மருந்தடிக்காமல் காத்திருந்து சம்பாதித்த நல்ல பெயர் அவர் பெட்டியில் இருக்கும். அவர் விலை குறைத்தால் வேறு ஆளிடம் போகலாம். ஆனால் அங்கே நம் கொட்டை சாதாரணக் கொட்டை. முத்திரை நம்மோடு வராது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கட்டணம் கட்டுகிறவர் பேரில் சான்று இருப்பது பல இடங்களில் நடந்து வந்த வழக்கம். இப்போது விதிகளே மாறுகின்றன. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் விவசாயிகள் குழுவே சட்டப்படியான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஜனவரியில் வெளியான நம் என்.பி.ஓ.பி. எட்டாம் பதிப்பும் அதே திசையில்தான் போகிறது. அதனால் "எங்கள் குழுவின் பேரில் சான்று வேண்டும்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்து, பெயர். பட்டா வீட்டுக்காரர் பேரில். அதனால் குழுப் பட்டியலில் அவர் பெயர், பயிற்சிக்கு அவர், பணம் அவர் வங்கிக் கணக்கில். கொட்டை பொறுக்குவது, காய வைப்பது, பிரித்து மூட்டை கட்டுவது, பண்ணை நாட்குறிப்பு எழுதுவது எல்லாம் நாம். ஆய்வாளர் வந்து "எப்போ என்ன போட்டீங்க?" என்று கேட்டால் பதில் தெரிந்தவரும் நாம்தான். பட்டியலில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் சண்டை போட வேண்டாம். "ஆய்வுக்கு வர்றவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும், என் பேரு இல்லாட்டி எப்படி?" என்று நிதானமாகச் சொல்லுங்கள், புரியும்.

பொய் எழுதக் கூடாது

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் இந்திய இயற்கைப் பருத்தியில் சுமார் 20,000 டன்னுக்குப் போலிச் சான்று தயாரித்ததைச் சர்வதேச முத்திரை அமைப்பு ஒன்று கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட நிறுவனங்களைத் தடை செய்தது. இப்படி நடக்கும்போது நேர்மையாகப் பயிர் செய்தவர்களையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். நம் குழுவில் ஒருவர் ராத்திரியில் ஒரு டேங்க் மருந்து அடித்துவிட்டு நோட்டில் வேப்பெண்ணெய் என்று எழுதினால், மற்ற 24 பேர் உழைப்பும் வீண்.

தெரியாமல் நடக்கிற தப்புகளும் உண்டு. யூரியா வந்த சாக்கில் கொட்டையைக் கட்டுவது. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் கைத்தெளிப்பான் இரவல் வாங்கி, பழைய மருந்து வாசத்தோடு பஞ்சகவ்யம் அடிப்பது. சொந்தக் கொட்டையையும் வெளியில் வாங்கிய கொட்டையையும் ஒரே களத்தில் காய வைப்பது. பக்கத்துக் கொல்லையிலிருந்து காற்றில் வரும் மருந்துக்கு ஓரத்தில் தடுப்பு விடாமல் இருப்பது. ஆய்வாளர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். சாக்கு விஷயத்தை இன்றைக்கே மாற்றிவிடலாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இதை ஊக்குநர்கள் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இது எந்த முத்திரை? எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?
2. சான்றிதழ் யார் பேரில்? நாங்கள் விலகினால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?
3. கட்டணம் யார் கட்டுவது, ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு?
4. காத்திருக்கும் ஆண்டுகளில் வாங்குவீர்களா? என்ன விலைக்கு?
5. கூடுதல் விலை எவ்வளவு என்று எழுத்தில் தருவீர்களா? எடை போடுவது எங்கே, யார் தராசில்?
6. பட்டியலில் பெண்கள் பெயர் இருக்குமா? பணம் எந்தக் கணக்குக்கு?
7. ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி எங்கே?

ஏழுக்கும் பதில் வந்த பிறகு, குழுவாக உட்கார்ந்து தீர்மானம் போட்டு, அதன் பிறகு கையெழுத்து. தனித்தனியாக வேண்டாம். ஏற்கெனவே போட்ட இருபது பேரும் பயப்பட வேண்டாம். ஒன்றாகப் போய் இதே ஏழு கேள்வியைக் கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. முதல் படியாக ஊருக்கு 5 பேர் சேர்ந்து பி.ஜி.எஸ். தொடங்கலாம். மூன்று ஆண்டு ஆகும் முந்திரியைப் பின்னால் வைத்து, காய்கறி, எள், மணிலாவில் பழகிக்கொள்ளலாம். வாங்க ஆள் இல்லாத ஊரா இது? மாதச் சம்பளக் குடும்பங்கள் வாழும் நகரியம் நம் வாசலிலேயே இருக்கிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து இங்கே பால், கீரை, காய் கொண்டு வந்து விற்றவர்கள் நம் அம்மாக்கள்தான். இயற்கை உணவுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளின் கீழ், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு உற்பத்தியாளர் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால் சான்றுகூடக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் நோட்டு எழுதிப் பழகினால் நாளைக்கு ஏற்றுமதிக்காரர் வரும்போது நாம் வெறுங்கையோடு நிற்க மாட்டோம். மூன்று வருட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசலாம்.

சேமிப்புக்கு வாரம் பத்து ரூபாய் எடுத்து வைத்தபோது இது எங்கே உருப்படப் போகிறது என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த நோட்டுதான் நமக்கு வங்கியைத் திறந்து விட்டது. கொல்லை நோட்டும் அப்படித்தான். இன்று வீட்டுக்குப் போனதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுங்கள். முதல் பக்கத்தில் கொல்லையின் சர்வே எண், மரங்களின் எண்ணிக்கை எழுதுங்கள். அதற்கு மேலே உங்கள் பெயரை எழுதுங்கள்.



(உரைக்குப் பின் நடந்த கலந்துரையாடலில், படிவம் கொண்டு வந்த உறுப்பினர் தம் ஊரில் குழுக் கூட்டம் கூட்டி ஏழு கேள்விகளையும் எழுத்தில் கேட்பதாகத் தெரிவித்தார். பதில் வந்ததும் அடுத்த இதழில் வெளியிடுவோம்.)